வண்டிக்கு எதிரே

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மலை உச்சியில் மேகம் உட்கார்ந்திருக்கிறது, மழையாக இறங்க மனமில்லை. பி.பி. மாத்திரை போட்டாயிற்று. சலவைக்கடையிலிருந்து வந்த புடவையில் மடிப்பு மூலைக்கு மூலை சேரவில்லை. திருப்பி அனுப்பினேன்.

பிரபாகர் பிக்கப் வண்டி வாங்கிவிட்டான். பழையது. வெள்ளை நிறம், இடது கதவு மட்டும் வேறொரு வெள்ளை. அது என்னைத் தவிர யார் கண்ணிலும் படவில்லை. கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவன், ஒவ்வொரு முறையும் அண்டாக்களை ஏற்ற வாடகை வண்டிக்காரனைக் கெஞ்சுகிறான். என் மகன் யாரையும் கெஞ்சுவது எனக்குப் பிடிக்காது. அதனால் வாங்கும்போது ஒன்றும் சொல்லவில்லை.

வேங்கிக்காலில் பழைய வண்டி விற்கும் தாமோதரனிடம் எடுத்தது. நேற்றே அவருக்குப் போன். "அண்ணே, நாளைக்கு ஒன்பதே காலுக்கு நல்ல நேரம். கரெக்டா அங்க இருப்போம்." மெக்கானிக் பாபுவும் கூடப் போனார். திரும்பி வந்ததும் பிரபாவின் முகத்தில் வெளிச்சம்.

"பட்டு மாதிரி ஓடுதும்மா. ஒரு சத்தம் இல்ல."

வாசலில் பூசை. கற்பூரம், சந்தனப் பொட்டு, நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் தட்டோடு வந்தார்கள். நானும் படியிறங்கப் போனேன். மருமகள் செல்வி திரும்பிப் பார்த்தாள்.

"அத்தை, கேஸ்ல பால் வச்சிருக்கேன். பொங்கிடாம பாத்துக்கிறீங்களா?"

உள்ளே போனேன். பால் காய்ந்து மூடி போட்டிருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. அணைந்த அடுப்பின் முன் நின்று எலுமிச்சம்பழங்கள் நசுங்கும் சத்தம் கேட்டேன்.

அவர் போய் நான்கு வருடம். இந்த வீட்டில் யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லாமல் செய்யத்தான் எல்லோரும் பழகிவிட்டார்கள்.

செல்வியின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். சங்கிலி வண்டியாகிவிட்டது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இரவு சிறு தூறல். காலையில் வெயில்.

காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது பிரபா வண்டியை ஸ்டார்ட் செய்தான். ராத்திரி முழுக்க ஆறிக்கிடந்த வண்டி. டக் டக் டக் டக். டம்ளர் விளிம்பில் ஸ்பூனால் தட்டுகிற மாதிரி, மெலிசாக. டீசல் வண்டியின் இரைச்சல் வேறு, இது வேறு. அதன் உள்ளேயிருந்து தனியாக ஒன்று தட்டியது.

கான்வென்ட்டில் பியானோ சொல்லிக்கொடுத்த சிஸ்டர் அதன் மேல்மூடியில் தாளம் தட்டும் மெட்ரோனோம் வைத்திருப்பார். எட்டுப் பெண்கள் கைதட்டும்போது யார் அரை நொடி பிந்தினாலும் திரும்பாமலே பெயர் சொல்வார். அவரிடமிருந்து எனக்கு வந்தது பியானோ அல்ல, அந்தக் காது மட்டுமே.

முருங்கை மரம் வரை ரிவர்ஸ் எடுப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது. சூடானதும் சுத்தமாக இல்லை.

சாயங்காலம் கேட்டேன். "பிரபா, காலைல ஒரு சத்தம்..."

முடிக்கவிடவில்லை செல்வி. "அத்தை, வண்டி வந்து ஒரு நாளுதான் ஆவுது. நீங்க வாய் வச்சு ஏதும் சொல்லாதீங்க. ப்ளீஸ்."

வாய் வைத்து. குறித்துக்கொள்கிறேன், மறக்காமல் இருக்க.

வாங்க வேண்டியவை: வெல்லம், அரிசி மாவு (கடை மாவு வேண்டாம், அரைத்தது), எருக்கமாலை.

ஆகஸ்ட் 27, புதன். பிள்ளையார் சதுர்த்தி

களிமண் பிள்ளையாரின் இடக்கண் கொஞ்சம் மேலே. பரவாயில்லை, கரைக்கப்போகிறதுதானே என்கிறான் பிரபா. கரைக்கப்போவதானாலும் கண் நேராக இருக்கலாம்.

காலையில் சத்தம் தெருமுனை வரை போனது. நேற்று முருங்கை மரம், இன்று தெருமுனை. ஜன்னலோரம் நின்று கேட்டேன்.

பதினோரு மணிக்குப் பாபு கொழுக்கட்டை சாப்பிட வந்தார். பிரபா கடைக்குப் போயிருந்தான், செல்வி சமையலறையில். இலையில் இரண்டு கொழுக்கட்டை வைத்துவிட்டு நேராகக் கேட்டேன்.

"பாபு, காலைல அந்த வண்டி டக் டக்குனு தட்டுதே, அது என்ன?"

"அது டேப்பட்டு சத்தம்மா. டேப்பட்டு சத்தம் இல்லாத பழைய டீசல் வண்டி எங்க இருக்குது? பூரணம் சூப்பரா இருக்குதும்மா, ஏலக்கா ஜாஸ்தியோ?"

"ஏலக்காய் சரியாத்தான் இருக்கு. டேப்பட்டுன்னா?"

விரலைக் கொழுக்கட்டைக்குள் குத்திக் காட்டினார். "இந்த மாதிரி சின்னக் குண்டு ஒண்ணு, லிஃப்டர்னு சொல்வாங்க. உள்ள ஆயில் ரொம்பி நிக்கணும். வால்வ ஏத்தி எறக்கும். ஆயில் சரியா ஏறலன்னா லூசா தட்டும். சூடானா ஆயில் ஏறிடும், சத்தம் அடங்கிடும்."

"அடங்காம போனா?"

"ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா பக்கத்துல சுத்துற தண்டு, கேம் ஷாஃப்ட்டு, அதத் தின்னும். இரும்புத் தூளு ஆயில்ல கலந்து எல்லா எடத்துக்கும் போவும். அப்புறம் இன்ஜின எறக்கணும். செலவு வண்டி வெலையில பாதி வந்துடும்." கையைத் துடைத்துக்கொண்டார். "அதெல்லாம் நடக்காதும்மா."

"ஓடிட்டு இருக்கும்போது இன்ஜின் நின்னா?"

"நின்னா ஸ்டியரிங் இறுகிடும். பிரேக்கு ரெண்டு மிதிக்கு மேல கல்லு மாதிரி ஆயிடும்."

"மலையில இறங்கும்போது நின்னா?"

பாபு இலையை மடித்தார். "ஏம்மா நல்ல நாளும் அதுவுமா..."

"வாங்குறப்ப நீங்கதானே பார்த்தீங்க?"

"நாங்க போனப்ப வண்டி ஓடிட்டு இருந்ததும்மா. சத்தமே இல்லியே."

ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதே காலுக்கு வருவதாக முதல் நாளே சொல்லியாயிற்று. அவர்கள் வரும்போது வண்டி சூடாகத் தயாராக இருந்திருக்கிறது. என் மகன் நாள் பார்த்தான், நேரம் பார்த்தான், பானெட்டில் கை வைத்துப் பார்க்கவில்லை.

நாளை ஜமுனாமரத்தூரில் கல்யாணச் சமையல். போளூர் தாண்டி ஜவ்வாது மலை ஏறவேண்டும். பிரபா, செல்வி முன்னால். டிரைவர் ஏழுமலை. பின்னால் அண்டாக்களோடு சமையல் பெண்கள் மூன்று பேர். ஏறுவதை நினைக்கவில்லை. இறங்கும் வளைவுகளைத்தான் நினைத்தேன்.

சாயங்காலம் பிரபாவை உட்காரவைத்துச் சொன்னேன். மெதுவாக, வரிசையாக, பாபு சொன்னதையும் சேர்த்து. நாளை ஒருநாள் வாடகை வண்டி எடு, திரும்பி வந்து இன்ஜினைத் திறந்து பார், என்றேன்.

"அம்மா, அட்வான்ஸ் மொத்தமும் இதுலதான் இருக்குது. வாடகை வண்டிக்குக் குடுத்தா இந்தக் கல்யாணத்துல எனக்கு ஒண்ணுமே நிக்காது."

"நிக்கவேணாம். நீங்க திரும்பி வந்தா போதும்."

எழுந்துவிட்டான். "ஒரு பொருளையாவது முழுசா நல்லாருக்குன்னு உன் வாயால சொல்லியிருக்கியாம்மா? எங்கப்பாவயாவது சொன்னியா?"

பிள்ளையாரின் கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

வெயில், காற்றில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவிட வேண்டும்.

நல்ல நேரம் பத்தே முக்கால். பத்து மணிக்கே ஏழுமலை வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்தான். நின்றபடியே அண்டா ஏற்றினார்கள், அரிசி மூட்டை, விறகு, இரும்பு அடுப்பு. அத்தனை நேரமும் தட்டல் நிற்கவில்லை. நேற்று மெலிசு. இன்று மரப்பலகையில் சுத்தியல். சூடாகியும் நிற்கவில்லை. மூன்று பெண்களும் அண்டாக்களுக்கு நடுவே இடம் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "மல மேல குளுரும்டி, ஸ்வெட்டர் எடுத்தியா?" "எங்க வூட்டுக்காரரயே எடுத்துக்கினு வந்திருப்பேன், அவருதான் அண்டாவுல அடங்க மாட்டாரு."

ஏழுமலையைப் பற்றி ஒரு விஷயம். நல்ல டிரைவர், குடிக்கமாட்டான். ஆனால் புறப்படும்போது எதிரே யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் கியர் போடமாட்டான். பூனை குறுக்கே போனால் கால் மணி நேரம். செல்வியைக் கூப்பிட்டான். "அக்கா, ஒரு கொடம் தண்ணி எடுத்துக்கினு எதிர்ல வாங்க. நல்ல சகுனமா கௌம்பிடலாம்." செல்வி குடம் எடுக்கப் பின்பக்கம் போனாள்.

அப்போது தோன்றியது. தோன்றியதும் உடம்பு கூசியது.

நான்கு வருடமாக ஒதுங்கிக்கொண்டிருக்கிறேன். பால் பார்க்கிறேன், போன் வந்ததாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போகிறேன். இதெல்லாம் மூடத்தனம் என்று மனதுக்குள் தினமும் சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொண்டே ஒதுங்குகிறேன். நான் பேசினால் கேட்கமாட்டார்கள். நான் எதிரே வந்தால் நிற்பார்கள்.

சமையலறையிலிருந்து காலிக் குடம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். செய்வதென்றால் முழுமையாகச் செய்யவேண்டும். தலைமுடியை அவிழ்த்துவிட மட்டும் மனம் வரவில்லை. எதற்கும் ஓர் எல்லை உண்டு.

படியிறங்கி, கேட்டைத் திறந்து, வண்டிக்கு நேர் எதிரே போய் நின்றேன். இடுப்பில் காலிக் குடம்.

பின்னால் சிரிப்பு நின்றது. ஏழுமலை ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தான். இன்ஜினை அணைத்தான்.

"அம்மா..." என்றான். அவ்வளவுதான்.

எல்லோரும் இறங்கினார்கள். தண்ணீர் குடித்தார்கள். அதுதான் முறை, கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பினால் தோஷம் கழிந்துவிடுமாம். செல்வி நிறைகுடத்தோடு வந்தாள். என்னைக் கடந்து போனாள், பார்க்கவில்லை. ஏழுமலை மறுபடி சாவி போட்டான். டக் டக் டக்.

மறுபடி போய் நின்றேன்.

"அத்தை!" செல்வி குடத்தைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சேதான் வர்றீங்களா?"

"ஆமா."

ஏழுமலை சாவியைப் பிடுங்கி பிரபாவின் கையில் வைத்தான். "பிரபாண்ணே, என்னை மன்னிச்சுக்கோ. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது. நான் எடுக்க மாட்டேன்."

தெருவே வாசலில். எதிர்வீட்டு அம்மாள் நான் பார்ப்பதைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பிரபா சாவியைச் சட்டைப்பையில் போட்டான். போன் எடுத்து வாடகை வண்டிக்காரனிடம் பேசினான். "அண்ணே, எப்படியாவது அண்ணே. ப்ளீஸ் அண்ணே." கெஞ்சினான். நான் நின்று கேட்டேன். நான் செய்தது, நான்தான் கேட்கவேண்டும்.

ராகு காலத்தில் புறப்பட்டுப் போனார்கள். வாடகை வண்டிக்காரன் எதையும் பார்க்கவில்லை.

பிக்கப் வாசலில் நிற்கிறது. அடியில் சொட்டுச் சொட்டாகக் கறுப்பாய் ஆயில்.

ஆகஸ்ட் 30, சனி

வந்துவிட்டார்கள். வாடகை வண்டிக்காரனோடு சேர்த்து ஆறு பேரும். செல்விக்கு ஜலதோஷம்.

பிரபா சாப்பிட்டான், தூங்கினான். சாம்பாரில் உப்பு கம்மி என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஏழுமலை வந்தான். வண்டியை ஒருமுறை கிரிவலப் பாதையில் மலையைச் சுற்றி ஓட்டிவந்து, அக்னி லிங்கத்தில் சூடம் ஏற்றினால் தோஷம் போய்விடும் என்றான். பிரபா சாவி கொடுத்தான். மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கலாம்.

வண்டி அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. காலி வண்டி, சம தரை. பெரிய சத்தம், புகை, அப்புறம் ஒன்றுமில்லையாம். பிரேக் மிதிபடவேயில்லை என்று ஏழுமலை சொன்னான். இளநீர்க் கடைக்கு முன்னால் போட்டிருந்த மணல்மேட்டில் முட்டி நின்றிருக்கிறது. அவனுக்கு ஒன்றுமில்லை. கடைக்காரர் பெஞ்ச் போயிற்று.

கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். பாபு ஆயிலைத் தட்டில் வடித்துக் காட்டினார். கறுப்பில் வெள்ளிப்பொடி தூவினதுபோல மினுக்கம். பார்க்க அழகாக இருந்தது, அதுதான் பயம்.

"லிஃப்டர் ஒட்டி, கேம்ம தின்னு, எல்லாம் போச்சு. இன்ஜின எறக்கணும்."

முதலில் வாய் திறந்தது ஏழுமலைதான்.

"அம்மா மேல தப்பு சொல்லலண்ணே. ஆனா அன்னிக்கு எதிர்ல வந்தாங்க, இன்னிக்கு வண்டி படுத்துடுச்சு. நான் சொல்றதுக்கு என்ன இருக்குது."

பாபு தலையாட்டினார். கொழுக்கட்டையில் விரலைக் குத்திக் காட்டிய அதே பாபு. "அதுவரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு."

ஜன்னல் திறந்திருந்தது. நான் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியும். பிரபா இல்லையென்று சொல்வான் என்று காத்திருந்தேன். நான் அவனிடம் வரிசையாகச் சொன்னேனே, லிஃப்டர் என்று பெயர் சொல்லிச் சொன்னேனே.

அவன் தட்டிலிருந்த ஆயிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மழை. நல்ல மழை, கடைசியாக. மலை கண்ணுக்குத் தெரியவில்லை.

காய்கறி வாங்கப் போனேன். ஸ்கூட்டரில் கிளம்பின எதிர்வீட்டுப் பையனை அவன் அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். நான் தெருமுனை திரும்பும்வரை பிடித்திருந்தாள். முன்பு ஒளித்துச் செய்தார்கள்.

இரவு தோசை வைக்க வந்த செல்வி போகாமல் நின்றாள். பிரபா குளித்துக்கொண்டிருந்தான்.

"அத்தை, அந்தச் சத்தம் எனக்கும் கேட்டுச்சு. மொத நாளே."

தட்டைக் கீழே வைத்தேன்.

"அப்புறம் ஏம்மா?"

"என் சங்கிலி அதுல இருந்துச்சு அத்தை. நல்லாருக்குனு நெனச்சுக்கினே இருந்தா நல்லாயிடும்னு நெனச்சேன்." கரண்டியால் தோசைக்கல்லைச் சுரண்டினாள். "அந்த மலை ரோட்டுல ஒரு வளைவு. கீழ பாத்தேன். உங்களதான் நெனச்சேன்."

பிறகு தாழ்ந்த குரலில் ஒரு தகவல். செத்த வண்டியைத் தாமோதரன் எடுத்துக்கொண்டு, மேலே பணம் வாங்கிக்கொண்டு வேறு பிக்கப் தருகிறாராம். பௌர்ணமிக்கு அன்னதானச் சமையல் ஒப்புக்கொண்டாயிற்று, வண்டி வேண்டும். நாளைக் காலை ஒன்பதே காலுக்கு வருவதாக பிரபா போன் செய்துவிட்டான். கூட பாபுவும்.

ஒன்பதே கால். மறுபடியும்.

"உன் கம்மல்..." என்றேன். அவள் காதைத் தொட்டுக்கொண்டாள். காதில் ஈர்க்குச்சி.

செப்டம்பர் 3, புதன்

மழை விட்டிருக்கிறது. தரையெல்லாம் சேறு. இதை தாமோதரனின் யார்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கால் குட்டை.

ஆறரைக்குக் கிளம்பினேன். இஸ்திரி மடிப்பு கலையாத நீலப் புடவை. செல்வி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. "குடை எடுத்துக்கோங்க அத்தை" என்றாள். பிரபா எழுந்திருக்கவில்லை.

ஆட்டோக்காரர் கலெக்டர் ஆபீஸ் தாண்டி இறக்கிவிட்டார். ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு வண்டி தனியாக ஓடிக்கொண்டிருந்தது, டிரைவர் இல்லாமல். வாட்ச்மேன் பல் துலக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"எதுக்கு ஓடிக்கிட்டு இருக்கு?"

"பார்ட்டி வருதும்மா, ஒன்பதே காலுக்கு. மொதலாளி எட்டு மணிக்குள்ள சூடேத்தி வைக்கச் சொன்னாரு. நான் கொஞ்சம் முன்னாடியே போட்டுட்டேன், எனக்கு டீக்கு போவணும்."

"அவங்க ஒன்பதே காலுக்குத்தான் வருவாங்கன்னு எப்படித் தெரியும்?"

சிரித்தார். வாயெல்லாம் பற்பொடி. "எல்லாரும் காலண்டர் பாத்துட்டுதானே வராங்க. எங்களுக்கும் காலண்டர் இருக்குதில்ல?"

பானெட்டில் உள்ளங்கையை வைத்தேன். இஸ்திரிப்பெட்டிபோல இருந்தது.

"அணைங்க" என்றேன்.

"மொதலாளி திட்டுவாரும்மா."

"அவர் வரட்டும், நான் பேசிக்கிறேன். அணைங்க."

எந்தக் குரலில் சொன்னேனோ, அணைத்துவிட்டார். சாவியை வாங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். மரியாதையாக ஒரு நாற்காலி கேட்டேன். கொடுத்தார். வண்டிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தேன். அவருக்கும் ஏதோ புரிந்திருக்கவேண்டும், என் நெற்றியைப் பார்த்தார். டீக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

வண்டி ஆறும்போது இரும்பு சின்னச் சின்னதாக முனகுகிறது. இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. ஒன்பதே காலுக்கு ஆறியிருக்காது. நல்ல நேரம் பத்தேகாலோடு முடிந்துவிடும். பிறகு நேரம் போய்விட்டது என்பான், அதன்பின் ராகு காலம் என்பான். ஆகட்டும். பன்னிரண்டு மணிக்கு, சரியாக ராகு காலம் தொடங்கும்போது, கை வைத்துப் பார்த்து, குளிர்ந்திருந்தால் சாவி கொடுப்பேன். அந்த முதல் சத்தத்தை அவன் காதால் கேட்கட்டும். பிறகு வாங்கட்டும், வாங்காமல் போகட்டும். அது அவன் இஷ்டம்.

அதுவரை என்னை எழுப்புவது யார் என்று பார்க்கிறேன். பேசிப் பார்க்கலாம். தண்ணீர் குடித்துப் பார்க்கலாம்.

மணி ஒன்பது ஐந்து. வெளியே ஒரு பைக். பிரபாவுடையதுதான். பின் மட்கார்டு ஆடுகிற சத்தம், எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் மாற்றச் சொல்லி. பாபு ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்கிறது. ஷட்டரைத் தூக்குகிறார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

நாற்காலியை இன்னும் ஒரு சாண் முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.